காகமும் பனம்பழமும்: சமூக இயல் ஆராய்ச்சியிற் காரணங் காணுமாறு

‘காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது’ என்பது எம்மவர் நாவிற் பழகிய மொழி. வடமொழித் தருக்க நூலார் இதனைக் காகதாலீய நியாயம் என்பர். காகம் வந்து பனையில் இருந்தது. அக்கணத்திலே பழம் வீழ்ந்தது. கண்டவன், காகமே பழத்தை வீழ்த்தியது என்று சொல்லிக்கொண்டு போகின்றான். பழமோ முற்றிப் பழுத்து, காம்பு தளர்ந்து, வீழுங் காலத்தை எதிர்நோக்கியிருந்தது. காகம் வாராதிருப்பினும் அது வீழ்ந்தே இருக்கும். பனை சூழ்ந்த நாட்டிலே பிறந்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஊரைப்பற்றியும் நாட்டைப்பற்றியும் பேச எழுந்த மாத்திரத்தே இதனை மறந்துவிடுகின்றோம். சட்டம் வந்தது, விலை ஏறியது. ஆகவே சட்டமே காரணம். அதிபர் மாறினார், பெறுபேறு உயர்ந்தது. ஆகவே புதிய அதிபரே காரணம். மாணவர் எழுதுங் கட்டுரைகளில் மாத்திரமன்று, கற்றறிந்தார் மேடைகளிலும் இவ்வாறான காகங்கள் பல வந்திருக்கின்றன.

ஆராய்ச்சி முறை என்னும் பொருளில் எழுதுதற்குத் தமிழாசிரியருக்கு என்ன அலுவல் என்று வினவுவாரும் உளர். சைவ நூல் கற்பார் முதலிலே கற்பது அளவை. சிவஞான சித்தியார் அளவை இலக்கணத்தை முன்வைத்தே பொருளை ஆராயப் புகுகின்றது. நாவலர் பெருமான் பதிப்பித்த நூல்களுள் தருக்கசங்கிரகமும் ஒன்று. எமது உயர்தர வகுப்பிலே ‘அளவையியலும் விஞ்ஞான முறையும்’ என்று ஒரு பாடம் உண்டு. அப்பெயரில் முன்னிற்குஞ் சொல் எம் முன்னோர் வழங்கிய சொல்லே. ஆகவே இது பிறர் வீட்டுப் பொருளன்று.

காட்சி, கருதல், உரை என்னும் மூன்று அளவைகளுள், காரணங் காணும் முயற்சி கருதலின்பாற்படும். மலையிலே புகை தோன்றக் கண்டு அங்கே நெருப்புண்டு என்று துணிவதே கருதலுக்கு எல்லாரும் எடுத்துக்காட்டும் உதாரணம். இத்துணிவுக்குத் தருக்க நூலார் இரண்டு சான்றுகளைக் கேட்பர். புகையுள்ள இடத்து நெருப்பும் உண்டென்பதற்கு அடுக்களையைக் காட்டுதல் ஒன்று. நெருப்பில்லாத இடத்துப் புகையும் இல்லை என்பதற்கு நீர் நிறைந்த மடுவைக் காட்டுதல் மற்றொன்று. முன்னையதை அன்வயம் என்றும் பின்னையதை வெதிரேகம் என்றுங் கூறுவர். 1843இல் ஆங்கில அறிஞர் ஜோன் ஸ்ருவர்ட் மில் தமது அளவையியல் நூலில் ஒற்றுமை முறை, வேற்றுமை முறை என்று வகுத்தவற்றைப் படிக்கும்போது, இவ்விரண்டும் எமக்கு நினைவுக்கு வாராமற் போகா.

இன்னும் ஒன்றுளது. புகையிலிருந்து நெருப்பைக் கருதலாம். நெருப்பிலிருந்து புகையைக் கருதலாகாது. பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டிலே நெருப்புண்டு, புகை இல்லை. அடுக்களையிற் புகை எழுந்தது நெருப்பினால் மாத்திரமன்று. விறகு ஈரமாயிருந்தமையாலும் எழுந்தது. கண்ணுக்குத் தோன்றாது உடனிருந்து பயனை விளைவிக்கும் இந்த ஈரவிறகை உபாதி என்றனர். இன்றைய சமூக இயலார் ‘குழப்பும் மாறி’ என்று நீட்டிச் சொல்வதற்கு மிக அணுகிய பொருள் இதுவே. எமக்கு ஈரவிறகு என்னும் பெயரே பிடித்திருக்கின்றது.

எம்மவர் வாதங்களைக் கவனித்தால் அடுக்களையைக் காட்டாதவர் எவருமிலர். மடுவைக் காட்டுவாரே அரியர். தாம் சொல்லுங் காரணம் இல்லாதவிடத்து நிகழ்ந்தது யாது என்பதை அவர்கள் தேடிப்பார்ப்பதில்லை. இரசாயன கூடத்திலே மடுவை ஆக்கிக்கொள்வது எளிது. ஒரே கரைசலை இரு குழாய்களில் ஊற்றி, ஒன்றில் மாத்திரம் மருந்தை இட்டு, மற்றையதை வாளாவிட்டால் அமையும். சமூக இயலாருக்கு இவ்வசதி பெரும்பாலும் வாய்ப்பதில்லை. ஒரு மாகாணத்துக்கு மழையைத் தடுத்து இன்னொன்றுக்குப் பெய்விக்க அவரால் ஆகாது. ஒரு கிராமத்துக்கு மாத்திரம் போரை விலக்கி வைக்கவும் ஆகாது. உலகத்தில் தானாக அமைந்துகிடக்கும் மடுக்களை அவர் தேடிச் செல்லல் வேண்டும். அவ்வாறு தேடிய ஒரு வழக்கை, எம் நாட்டிலேயே நிகழ்ந்ததாகையால், சற்று விரிவாக இங்கே ஆராய விரும்புகின்றோம்.

1934ஆம் ஆண்டிலே பருவமழை பொய்த்தது. மகா ஓயா, தெதுரு ஓயா முதலிய ஆறுகள் வற்றி, மணற்படுகைகளிற் குட்டைகளாகத் தேங்கின. இலங்கையில் மலேரியாவைப் பரப்பும் நுளம்பு இத்தகைய ஆற்றுக்குட்டைகளிற் பெருகும் இயல்பினது. கேகாலை, குருநாகல் ஆகிய பகுதிகளின் மக்கள், வன்னி மக்களைப்போல ஆண்டுதோறும் அந்நோயோடு வாழ்ந்து ஓரளவு தாங்குஞ் சக்தி பெற்றவர்களல்லர். 1934–35இல் எழுந்த கொள்ளைநோயில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பு.

இரண்டாம் உலகப் போர் முடிந்தவுடன் டி.டி.ரி. என்னும் பூச்சிகொல்லி இலங்கைக்குக் கிடைத்தது. 1945இன் இறுதியில் வீட்டுச் சுவர்களில் அதனைத் தெளிக்கும் வேலை தொடங்கி, அடுத்த இரு வருடங்களில் மலேரியாப் பகுதிகளெங்கும் பரவியது. 1946இல் ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய 20 ஆக இருந்த இறப்பு வீதம், 1947இல் ஏறக்குறைய 14 ஆக வீழ்ந்தது. ஆயிரம் பிறப்புக்கு 140 அளவிலிருந்த சிசு மரணம், அதே ஓராண்டில் 100 அளவுக்கு இறங்கியது. மேனாடுகளிற் பல பத்தாண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் இங்கே ஈராறு மாதங்களில் நிகழ்ந்தது போலத் தோன்றியது. மருந்து வந்தது, மரணம் குறைந்தது. குடித்தொகை நூல்களிலும் பொருளியல் நூல்களிலும் இலங்கை ஒரு நிலையான உதாரணமாகிவிட்டது. ஒரு மருந்தினாலே ஒரு நாட்டின் இறப்பு வீதத்தை ஓராண்டில் மூன்றிலொரு பங்கு குறைக்கலாம் என்று உலகம் நம்பியது.

இது வெறும் ஏட்டு வழக்கன்று. மருந்தே முழுக்காரணம் என்றால், வறிய நாடுகள் வைத்தியசாலையையும் உணவுப் பங்கீட்டையும் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம், முதலில் மருந்தடித்தாற் போதும் என்று ஆகிவிடும். மருந்து ஒரு காரணமே அன்று என்றால், தெளிப்பு வேலைக்குச் செலவிடும் பணத்தை நிறுத்திவிடலாம். எப்பக்கம் பிழைத்தாலும் மாள்பவர் ஏழைகளின் குழந்தைகளே.

முதலில் எழும் வினா: எந்த ஆண்டோடு ஒப்பிடுகின்றோம்? கொள்ளைநோய் உச்சமாயிருந்த 1935இல் இறப்பு வீதம் ஆயிரத்துக்கு 36 அளவில் இருந்தது. 1936இல் அது 22 அளவுக்கு இறங்கியது. 1947இன் வீழ்ச்சியினும் இது பெரிது, அப்பொழுதோ டி.டி.ரி. இந்நாட்டில் இல்லை. உச்சத்துக்கு ஏறிய எதுவும் அடுத்த ஆண்டு வழக்கமான நிலைக்குத் திரும்புவது இயல்பு. 1945, 1946 ஆகிய ஆண்டுகளிலும் மலேரியா வழக்கத்தின் மிக்கிருந்தது. அத்தகைய தீய ஆண்டை அடிப்படையாக வைத்தால், அதனை அடுத்து வரும் எந்த நடவடிக்கையும் வெற்றியாகவே காணப்படும். பரீட்சையில் மிகக் குறைந்த புள்ளி பெற்ற மாணவனை அடித்தபின் அடுத்த தவணையில் அவன் சிறிது கூடுதலாகப் பெறுவதையும், அடியே அவனைத் திருத்தியது என்று ஆசிரியர் மகிழ்வதையும் இங்கே நினைந்துகொள்ளலாம். கவனமுள்ள ஆராய்ச்சியாளர் தனி ஓராண்டை விடுத்து, பல ஆண்டுகளின் சராசரியை எடுப்பர்.

அடுத்து ஈரவிறகைத் தேடவேண்டும். 1945–47 காலப்பகுதியில் மருந்து மாத்திரமா வந்தது? போர் ஓய்ந்து கப்பற்போக்குவரத்து மீண்டது. போர்க்காலத்தில் ஏற்பட்ட பங்கீட்டு முறையால் மானிய விலையரிசி வறியவர் வீட்டையும் எட்டியது. 1926இல் களுத்துறையிற் தொடங்கிய சுகாதாரப் பகுதி முறை நாடெங்கும் வளர்ந்திருந்தது. வைத்தியசாலைகளும் மகப்பேற்று நிலையங்களும் பெருகின. சல்பா மருந்துகளும் அவற்றின் பின் பெனிசிலினும் வந்தன. இவற்றுள் ஒவ்வொன்றும் மரணத்தைக் குறைக்க வல்லது. எல்லாம் ஒரே காலத்தில் வந்தமையால், காலவரிசையை மாத்திரம் நோக்குபவன் எதனையும் பிரித்தறிய முடியாது.

நோயை அளப்பதும் எளிதன்று. மலேரியாவால் மாண்டோரை மரணப் பதிவுகளிலிருந்து எண்ணிவிடலாமே என்று தோன்றும். ஆனால் அக்காலத்துக் கிராமங்களிலே மரணக் காரணத்தைப் பதிவாளருக்குச் சொன்னவர் பெரும்பாலும் இறந்தவரின் உறவினர், வைத்தியர் அல்லர். ‘காய்ச்சல்’ என்ற ஒரு சொல்லிலே எத்தனையோ நோய்கள் அடங்கிவிடும். மேலும், மலேரியா ஒருவனை நேரே கொல்லாமல், அவன் குருதியை வற்றச் செய்து வேறு நோய்க்கு இரையாக்குதலும் உண்டு. பதிவேட்டில் அந்த வேறு நோயின் பெயரே எழுதப்படும். ஆகவே ஆராய்ச்சியாளர் வேறோர் அளவைக் கைக்கொண்டனர். மலேரியா திரும்பத் திரும்ப வரும் பிள்ளைகளுக்கு மண்ணீரல் வீங்கும். வைத்தியர் பாடசாலைக்குச் சென்று, ஒவ்வொரு பிள்ளையின் இடப்பக்க விலாவெலும்பின் கீழே விரல்களால் அழுத்திப் பார்ப்பார். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வீங்கியிருக்கின்றதோ அதுவே அவ்வூரின் மண்ணீரல் வீதம். மருந்து வருமுன்னரே இவ்வாறு பல மாவட்டங்களில் அளந்து வைத்திருந்தனர். பாடசாலைப் பிள்ளைகளின் வயிற்றிலே ஒரு நாட்டின் நோய் வரலாறு எழுதப்பட்டிருந்தது.

மண்ணீரல் வீக்கம் மலேரியா அன்று, அதன் குறியே. வேறு நோயாலும் மண்ணீரல் வீங்கும். காலத்துக்குக் காலம் அளவு மாறும். பாடசாலைக்கு வாராத பிள்ளைகள் கணக்கில் வாரார். சமூக இயலில் நாம் அளப்பவை யாவும் இத்தகைய குறிகளே. வறுமையை அளக்க விரும்பி வீட்டுக் கூரையை எண்ணுகின்றோம். கல்வியை அளக்க விரும்பிச் சித்தியெய்தியோரை எண்ணுகின்றோம். குறி பொருளை எவ்வளவு தூரம் காட்டுகின்றது, எவ்விடத்தில் வழி தவறச் செய்கின்றது என்பதைச் சொல்லாத ஆராய்ச்சி முதற்படியிலேயே குறையுடையது.

இப்பொழுது மடுவைத் தேடிச் செல்வோம். இலங்கையின் நிலவியல்பு இதற்கு உதவியது. அநுராதபுரம், வவுனியா முதலிய உலர்வலய மாவட்டங்களிலே மலேரியா என்றும் மிக்கிருந்தது. கொழும்பை அடுத்த ஈரவலயக் கரையோரத்திலே அது மிகவுங் குறைவு. அங்கே வீடுகளுக்கு மருந்து தெளிக்கும் அவசியம் பெரிதும் இருக்கவில்லை. அரிசிப் பங்கீடும் புதிய மருந்துகளுமோ இருபகுதிக்கும் சென்றன. ஆகவே மலேரியா இல்லாத பகுதியில் இறப்பு வீதம் எவ்வாறு அசைந்தது என்று பார்த்தால் வழக்குத் தெளியும்.

அமெரிக்கச் சுகாதார ஆராய்ச்சியாளரான ஹரல்ட் பிரெடரிக்சென் 1960ஐ ஒட்டி வெளியிட்ட கட்டுரைகளில் இதனையே சுட்டினார். மருந்து தெளிக்காத பகுதிகளிலும் மரணம் குறைந்துள்ளது; ஆதலால் மருந்தே காரணம் என்பது பொருந்தாது; உணவும் வாழ்க்கை நிலையும் திருந்தியமையே பெருங்காரணம் என்றார். பொருளியலாளரான பீற்றர் நியூமன் 1965இல் வெளியிட்ட தமது நூலில் இதனை மறுத்தார். இரு பகுதியிலும் குறைந்தது உண்மையே. எப்பகுதியிற் கூடக் குறைந்தது என்று பாருங்கள் என்பது அவர் கட்சி. ஒவ்வொரு மாவட்டத்தின் மண்ணீரல் வீதத்தையும் இறப்பு வீதத்தையும் இணைத்து ஆராய்ந்து, நோய் மிக்க மாவட்டங்களிலே வீழ்ச்சி மிகப் பெரிது என்று காட்டினார். 1967இல் எம் நாட்டறிஞர் எஸ். ஏ. மீகம, வைத்திய வசதி முதலிய பிற காரணங்களுக்குரிய பங்கு குறைத்து மதிக்கப்பட்டதென்று எடுத்துரைத்தார்.

இம்முறையின் உட்பொருளை விளங்கிக்கொள்ள, கற்பனையாகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். நோய் மிக்க ஒரு மாவட்டத்தில் இறப்பு வீதம் ஆயிரத்துக்கு 12 குறைந்தது என்க. நோயில்லா மாவட்டத்தில் 5 குறைந்தது என்க. மருந்து வாராவிடினும் முதல் மாவட்டத்தில் 5 குறைந்திருக்கும் என்று கருத இடமுண்டு. ஆகவே மருந்தின் கணக்கில் எழுதத்தக்கது 12 அன்று, 7 மாத்திரமே. ‘மருந்தால் 12 குறைந்தது’ என்பவன் அடுக்களையை மாத்திரம் கண்டவன். ‘மருந்தில்லா இடத்திலுங் குறைந்தது, ஆகவே மருந்தால் ஒன்றுமில்லை’ என்பவன் மடுவைக் கண்டும் அதன் ஆழத்தை அளவாதவன். இரு வீழ்ச்சிகளின் வேறுபாட்டைக் கண்டவனே வழக்குக்கு அருகில் வருகின்றான்.

1974இல் ஆர். எச். கிறே என்பவர் முன்னையோர் கணக்குகளை மீள ஆராய்ந்து, போருக்குப் பிந்திய இறப்பு வீழ்ச்சியில், நாடு முழுவதையும் ஒருங்கே நோக்குமிடத்து, ஏறக்குறைய நான்கிலொரு பங்கே மலேரியாக் கட்டுப்பாட்டுக்குரியது என்று மதிப்பிட்டார். நோய் மிக்க மாவட்டங்களில் அப்பங்கு மிகப் பெரிது. உலர்வலயத் தாய்க்கு அது தன் பிள்ளையின் உயிர். கொழும்புத் தாய்க்கு அது அனேகமாக ஒன்றுமில்லை. நாட்டுச் சராசரி இவ்விருவரையும் கூட்டி இரண்டால் வகுத்துவிடுகின்றது. ‘நான்கிலொரு பங்கு’ என்னும் ஓரெண்ணை மாத்திரம் மனனஞ் செய்யும் மாணவன் இவ்விடத்திற் சற்று நின்று செல்லல் நன்று.

இவ்வறிஞர் எவரும் மற்றவரை மூடர் என்றிலர். எல்லாரும் ஒரே அரசாங்கப் பதிவுகளையே நோக்கினர். எந்த ஆண்டுகளை எடுப்பது, எந்தக் குறியால் அளப்பது, எதனோடு ஒப்பிடுவது என்பவற்றிலேதான் வேறுபட்டனர். தம் கணக்கை மற்றவர் மீளச் செய்து பார்க்கத்தக்கவாறு வழியையும் வெளியிட்டனர். நம்மூர்ப் பட்டிமன்றத்துக்கும் ஆராய்ச்சிக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேயே இருக்கின்றது என்பது எம் எண்ணம்.

இவ்வழக்கின் பின்கதையிலும் ஒரு காகம் உண்டு. 1963இல் இலங்கை முழுவதிலும் 17 மலேரியா நோயாளரே பதிவாயினர். 1960களின் பிற்பகுதியில் நோய் மீண்டெழுந்து, 1969இல் மாத்திரம் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பற்றியது. பூச்சிகொல்லிகளின் தீமையை எடுத்துரைத்த ரேச்சல் கார்சன் அம்மையாரின் நூல் 1962இல் வெளிவந்தது. நூல் வந்தது, மருந்து நின்றது, நோய் வந்தது. ஆகவே அந்நூலே அத்தனை துன்பத்துக்கும் காரணம் என்று இன்றும் எழுதுவார் உளர். வரிசை நேராகவே இருக்கின்றது. ஆனால் இடைக்கண்ணியைப் பரிசோதித்தால் அது அறுந்துவிடும். 17 பேராகக் குறைந்த நோய்க்கு இனித் தெளிப்பு வேண்டுவதில்லை, கண்காணிப்புப் போதும் என்று கருதியே இலங்கையில் தெளிப்பை நிறுத்தினர். நோய் மீண்டபோது அதே டி.டி.ரி.யை மீண்டும் தெளித்தனர். நுளம்பு அதனைத் தாங்கும் ஆற்றல் பெற்றுவிட்டமையாற் பின்னர் மலத்தியோன் என்னும் வேறு மருந்துக்கு மாறவேண்டியதாயிற்று. காரணம் என்று ஒன்றைச் சொல்பவர், அது எந்த வழியாகச் சென்று பயனை அடைந்தது என்று படிப்படியாகக் காட்டக் கடமைப்பட்டவர். இந்நாட்டிலே தொற்றிய மலேரியா 2012இன் பின் இல்லாதொழிந்தது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியாவற்ற நாடென்று சான்றளித்தது.

மாவட்டக் கணக்கை இத்துணை பாராட்டியபின் அதன் ஓர் இடரையுஞ் சொல்லாது விடுதல் தகாது. 1950இல் அமெரிக்கச் சமூக இயலாரான டபிள்யூ. எஸ். றொபின்சன் ஒரு விசித்திரத்தை வெளியிட்டார். 1930ஆம் ஆண்டின் குடிசன மதிப்பிலே, பிறநாட்டிற் பிறந்தோர் மிகுந்த மாநிலங்களில் எழுத்தறிவும் மிகுந்திருந்தது. அதைக் கண்டு, பிறநாட்டார் கூடிய எழுத்தறிவுடையர் என்று துணியத் தோன்றும். ஆள் ஆளாக எடுத்துப் பார்த்தபோது உண்மை மறுதலையாயிருந்தது. பிறநாட்டிற் பிறந்தோரிடையே எழுத்தறிவு சற்றுக் குறைவு. அவர்கள் சென்று குடியேறிய மாநிலங்களின் பழைய குடிகள் எழுத்தறிவு மிக்கவராயிருந்தமையே இம்மயக்கத்துக்குக் காரணம். ஊரின் இயல்பை அவ்வூரிலுள்ள ஒவ்வொருவர் தலையிலும் ஏற்றலாகாது. மண்ணீரல் ஆராய்ச்சியைப் படிக்கும்போதும், மாவட்டத்தைப்பற்றிய முடிவு வீட்டைப்பற்றிய முடிவாகாது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

யாரைக் கேட்டோம் என்பதும் எத்தனை பேரைக் கேட்டோம் என்பதினும் முக்கியமானது. 1936இல் அமெரிக்க சனாதிபதித் தேர்தலின்போது ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்னும் சஞ்சிகை ஏறக்குறைய ஒரு கோடி அட்டைகளை அனுப்பி, இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட விடைகளைப் பெற்று, லண்டன் என்பவர் வெல்வார் என்று அறிவித்தது. வென்றவர் ரூஸ்வெல்ற், நாற்பத்தெட்டு மாநிலங்களில் லண்டனுக்குக் கிடைத்தவை இரண்டே. பெயர்களை எடுத்த பட்டியல்களுள் தொலைபேசி உடையார் பட்டியலும் மோட்டார் உடையார் பட்டியலும் முதன்மையானவை. பொருளாதார மந்தத்தின் நடுவே அவற்றை உடையவர் வசதியுள்ளவர். அன்றியும், அட்டையைத் திருப்பி அனுப்பியவரும் அனுப்பாதவரும் ஒரே மனத்தினரல்லர்.

இனி எம் மாணவர்க்கு அணுக்கமான ஒன்றுக்கு வருவோம். பரீட்சை முடிவு வெளிவந்தவுடன் மதில்களிலே தனியார் வகுப்புகளின் சுவரொட்டிகள் தோன்றுகின்றன. சித்தியெய்திய பிள்ளைகளின் முகங்கள் வரிசையாக நிற்கின்றன. அவ்வகுப்புக்குப் போனமையால் இவர்கள் சித்தியெய்தினர் என்பது அதன் வாதம். அவ்வகுப்பில் மொத்தம் எத்தனை பேர் இருந்தனர்? சித்தியெய்தாதார் முகங்கள் எங்கே? அவ்வகுப்புக்குப் போகாத, அதே திறமையும் அதே வீட்டுச் சூழலும் உடைய பிள்ளைகள் எவ்வாறு செய்தனர்? கற்பதில் ஊக்கமுள்ள பிள்ளையே வகுப்பைத் தேடிச் செல்கின்றது. அதற்குப் பணங் கட்டக்கூடிய பெற்றோரே அனுப்புகின்றனர். விறகு முன்னமே ஈரமாயிருக்கின்றது. தனியார் வகுப்பாற் பயனில்லை என்பது எம் கட்சியன்று. பயனுண்டா என்பதைச் சுவரொட்டி சொல்லாது என்பதே எம் கட்சி. கடன்பட்டு மாதந்தோறும் பணங் கட்டும் தகப்பனாருக்கு இவ்வேறுபாடு சிறிய விடயமன்று.

சுவரொட்டியைக் குறை கூறிவிட்டு எம் வீட்டைப் பாராதிருத்தல் நேர்மையாகாது. யூபிலி மலர் என்பது வைத்தியர், பொறியியலாளர், நீதிபதி, பேராசிரியர் என்று கல்லூரி ஈன்ற மக்களின் பெயர்களை நிரைப்படுத்தி மகிழும் ஏடு. அம்மகிழ்ச்சியைக் கெடுக்க யாம் முன்வரவில்லை. ஆயினும் அளவை கற்பிப்பார் என்ற முறையில் ஒன்றைச் சொல்லவேண்டியுள்ளது: அப்பட்டியல் கல்லூரியின் பெருமைக்கு அணியேயன்றிச் சான்றன்று. பட்டியலில் வந்தோர் கல்லூரியால் உயர்ந்தனரா, உயரக்கூடியவரைக் கல்லூரி தெரிந்தெடுத்துக்கொண்டதா என்பதை அது பிரித்துக் காட்டாது. எமது மடு வேறிடத்தில் இருக்கின்றது. அது கல்லூரியின் சேர்வுப் பதிவேடு. அதிலே சிறந்தோர், சிறவாதோர் என்ற பிரிவில்லை. வந்த நாளும் பெயரும் தகப்பனார் தொழிலும் மாத்திரமே.

பழைய மாணவர் சங்கத்தார்க்கும் உயர்தர வகுப்பு மாணவர்க்கும் ஒரு வேலையைச் சொல்ல விரும்புகின்றோம். நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு வருடத்தின் சேர்வுப் பதிவேட்டை எடுத்து, விருப்பு வெறுப்பின்றி, பத்துப் பெயர்க்கு ஒரு பெயராகத் தெரிந்து, அவர் எங்கே, என்ன தொழிலில், எத்தனையாம் வகுப்போடு நின்றார் என்று விசாரிக்கலாம். தெரிந்த பெயர்க்காரர் அகப்படவில்லை என்று பக்கத்துப் பெயரை எடுத்தலாகாது. அகப்படாமையே பெருந் தொல்லையாக இருக்கும். பலர் கடல் கடந்தனர். 1983இலும், 1990இலும், 1995இலும் ஊர்கள் ஊர்களாகப் பெயர்ந்தன. வீட்டிலக்கம் உண்டு, வீடில்லை. அகப்படாதவர் அகப்பட்டவரை ஒத்தவர் என்று கொள்ள எவ்வித நியாயமும் இல்லை. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள கிளைச் சங்கங்களுக்குக் கடிதம் எழுதினால் வசதியோடிருப்பவர் விரைவில் விடையளிப்பர். ஐந்தாம் வகுப்போடு நின்று தோட்டஞ் செய்யச் சென்றவரை அயற் கிராமத்துக்கு நடந்துபோய்த்தான் கேட்கவேண்டும். விடை தந்தோர் தொகையோடு தராதோர் தொகையையும், காணாமற் போனோர் தொகையையும், இறந்தோர் தொகையையும் வேறு வேறாக எழுதுதல் வேண்டும். இப்பணிக்குப் பெரும் பணமோ இயந்திரமோ தேவையில்லை. இரண்டு தவணைக் காலமும், ஏழெட்டு மாணவரும், அயலூர்களை அறிந்த மூத்தவர் இருவரும் போதும். பதிவேட்டின் எத்தொகுதிகள் இன்னும் எஞ்சியிருக்கின்றன என்பதை அறிய, முதலில் அலுவலகத்து அலுமாரியைத் திறந்து பார்த்தல் வேண்டும்.